புள்ளி நிற்கவில்லை

தடைக்காலத்தின் இருபதாம் நாள்.
படகுகள் கரையில் தோள் உரசி நிற்க,
செல்லத்துரை ஆசாரியிடம் எடைக்கு வாங்கினேன்
ஒரு கேபினுக்குப் போக மிஞ்சிய
பிளைவுட் துண்டுகளை.
ஆறு மில்லி. ஒரு மூலையில் டீசல் வாசம்.

அடுக்களை மேடைமேல் ஒரு கட்டை,
கட்டையின் நுனியில் குருவி வாய்போல ஒரு வெட்டு.
என் பட்டறை அவ்வளவுதான்.
வில் ரம்பத்தில் நூல் பருமனுக்கு அலகு;
அவசரப்பட்டால் டிங்கென்று போகும்,
பதிமூன்று ரூபாய்.

முதலில் மீன்கள்தான்.
சீலா சுலபம், கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது.
முரலுக்கு மூன்று முறை மூக்கு முறிந்தது.
திருக்கையின் வாலில் மரம் நார் நாராய்ப் பிரிந்தது.
குழம்பில் மரத்தூள் என்றார் வீட்டுக்காரர்.
காரல் முள்ளுன்னு நெனச்சு முழுங்குங்க என்றேன்.
முழுங்கினார்.

ஆணியில் தொங்கிய மீன்களைப் பார்த்துவிட்டு
பிரகாசி மதினி கேட்டாள்:
"வர்ற ஞாயிறு மகளுக்குப் புதுநன்மை.
அவ பேரை இப்படி வெட்டித் தாயேன்."

ஜென்சிலின்.

கார்பன் தாளில் எழுதி
கஞ்சிப்பசையால் ஒட்டி
ஜ-வின் வயிற்றுக்குள் நுழைய ஒரு துளை போட்டு
அலகைக் கழற்றி, துளையில் கோத்து, மறுபடி மாட்டி,
உள்ளிருந்து அறுத்து வெளியே வர
ஒரு கரண்ட் கட்டு முழுக்க ஆயிற்று.
லி-யின் கொக்கி வளையும் இடத்தில்
மூச்சுவிடவில்லை.
கீழே நீளமாய் ஒரு சட்டம் விட்டு
எல்லா எழுத்தையும் அதில் ஊன்றினேன்.

புள்ளிகள் மட்டும் நிற்கவில்லை.

எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?
எழுத்தைத் தொட்டால் அது புள்ளியில்லை.
தொடாவிட்டால் அது வெறும் மரத்துண்டு.
இடையில் குச்சி விட்டு வெட்டிப் பார்த்தேன்,
இரண்டு ன-வுக்கும் ஆன்டெனா முளைத்திருந்தது.
குச்சியை அறுத்தேன்.
மிளகளவு இரண்டு வட்டம்
தரையில் உருண்டு
சிலிண்டருக்குப் பின்னால் எங்கேயோ.

பிரகாசி எழுத்துக்கூட்டினாள்:
"ஜெ...ன...சி...லி...ன. இதென்ன,
ஆஸ்பத்திரியில போடுற ஊசியா?"
புள்ளி வைத்தாலும் அப்படித்தானே மதினி
என்று வாய்வரை வந்ததை மென்றுகொண்டேன்.

பேருக்குச் சொந்தக்காரி
ஐஸ் குச்சி சப்பியபடி பார்த்தாள்.
"பழைய ஓலையில புள்ளி வைக்க மாட்டாங்களாம் அத்தை,
குத்துனா ஓலை கிழிஞ்சுருமாம்.
டீச்சர் சொன்னாங்க.
படிக்கிறவங்கதான் வெச்சுக்கிரணும்."
"தெரியாதவங்க படிச்சா?"
"தெரியாதவங்களுக்கு என் பேரு எதுக்கு?"

வார்னிஷ் காயவில்லை.
கச்சான் காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து
எழுத்துக்கு எழுத்து அப்பியது.
சனி இரவு வரை விரல் ஒட்டியது.
மணலோடு சேர்த்து இன்னொரு பூச்சு பூசினேன்.
ஜிகினாவா என்றார்கள். ஆமாம் என்றேன்.

ஞாயிறு, தங்கச்சிமடத்துத் தெருவில் பந்தல்.
நீலச் சேலைத் திரையில் பேர்.
ராமநாதபுரத்திலிருந்து வந்த சொந்தங்கள்
ஜெனசிலின, ஜெனசிலின என்று சொல்லிப் பார்த்தன.
எங்கள் தெரு படிக்கவே இல்லை,
நேராகப் பந்திக்குப் போனது.

பிரியாணிக்குப் பிறகு பார்க்கிறேன்,
கடைசி ன-வுக்கு மேல், சேலையில்,
யாரோ ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருந்தார்கள்.
மெரூன் நிறம். பிரகாசி நெற்றியில் அன்று பொட்டில்லை.
முதல் ன அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை பெருக்கும்போது
ஒரு மரப்புள்ளி கிடைத்தது.
எந்த ன-வுடையதோ.
உப்புச் சாடியின் மூடிமேல் வைத்தேன்,
அது பாட்டுக்கு இருந்தது.

தடைக்காலம் இன்னும் முப்பது நாள்.
வலைக்கடைக்காரர் தன் பேரனுக்குக் கேட்டிருக்கிறார்,
அலெக்ஸ்.
எழுதிப் பார்த்தேன்.
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு.