மிஸ் மொக்கச்சாமி

காளவாசலில் டயர்க்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
நேர்காணல் நாட்களில் கீழே போய்
அஞ்சு டீ சொல்வேன்.
டீ தீரும்வரை கம்ப்ரஸர் ஓடாது.

சுவரில் ஒரு நீலத்துணி.
அதன் முன்னால் உட்கார்ந்தால்
செக்கானூரணியும் தெரியாது, பேரையூரும் தெரியாது.

அன்றைக்கு உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், ஒச்சம்மாள்.
நீட்டில் நூற்றுத் தொண்ணூற்றாறு.
அரசுக் கல்லூரிக்கு மார்க் எட்டாது.
தனியாருக்குப் பணம் எட்டாது.
வெளிநாடு என்றால் இரண்டும் ஏதோ இழுத்துப் பிடித்து எட்டும்.
அந்த இழுவையில்தான் என் சம்பளம்.

தலைப்பெழுத்து இருந்த இடத்தில்
அப்பன் பெயரை நீட்டி எழுதி
குடும்பப்பெயர் என்று போட்டிருந்தது பாஸ்போர்ட்.

ஏன் மருத்துவம் என்று கேட்டால்
சேவை என்று சொல்லிவிடாதே,
எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று
மூன்று நாள் பழக்கியிருந்தேன்.
வேறென்னக்கா சொல்றது, என்றாள்.
எங்கள் கையேட்டில் அதற்குப் பதில் இல்லை.

இங்கே மூன்றரை. திபிலீசியில் இரண்டு.
திரையில் ஒரு வழுக்கைத்தலை,
பச்சைக் கம்பளிச் சட்டையில் ஓர் அம்மாள்,
அவர்களுக்குப் பின்னால் ஜன்னலில் பனி.
நான் லேப்டாப்புக்குப் பின்னால் நின்று
நிமிர் என்று கண்ணால் சொன்னேன்.

"மிஸ் மொக்கச்சாமி," என்றது திரை.

வெளி அறையில் பிளாஸ்டிக் நாற்காலி இழுபட்டது.
"ஐயா, இந்தா இருக்கேன்."
செருப்பை வெளியே விட்டுவிட்டு
ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி
உள்ளே வந்து நின்றார் அவள் அப்பா.

அது அவர் பேர், என் பேர் ஒச்சம்மாள் என்று
ஆங்கிலத்தில் சொன்னாள்.
பச்சைக் கம்பளி முயன்று பார்த்தார்.
'ஒச்' வரைக்கும் வந்தது, மிச்சம் வரவில்லை.
சிரித்தார்கள். அவரும் இருக்கட்டும் என்றார்கள்.

இதயத்தில் எத்தனை அறை?
நாலு.
ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும்?
தப்பில்லாமல் சொன்னாள், கொஞ்சம் வேகமாக.
வீட்டைவிட்டு ஆறு வருடம், பாஷை தெரியாத ஊரில்
எப்படி இருப்பாய்?

பழக்கிவைத்த பதில் இதற்கு இருந்தது.
அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.
"என்ன கேக்குறாக?" என்றார் என்னிடம். சொன்னேன்.

"பெஜவாடாவுல முறுக்குப் போட்டேன் தாயி,
பதினாலு வருசம்.
பாசை தெரியாமத்தான் போனேன்.
கடை குடுத்தவன் அட்வான்சு கேட்டான்.
எதுக்கு வந்தே, எப்பிடி இருப்பேன்னு
ஒரு பய கேக்கல.
இவுக கேக்குறாகளே."

தகப்பனார் பொருளாதார ஆதரவை உறுதி செய்கிறார்
என்று மொழிபெயர்த்தேன்.

ஒச்சம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள்,
உடைந்த ஆங்கிலத்தில், எண்ணெய்ச் சட்டி, அட்வான்சு,
ஒரு பய கேக்காதது, எல்லாவற்றையும்.
முறுக்குக்கு வார்த்தை கிடைக்காமல்
விரலால் காற்றில் சுற்றிக் காட்டினாள்.
வழுக்கைத்தலை குனிந்து எதையோ எழுதினார்.
பேனா வட்டமாகப் போனது போலிருந்தது எனக்கு.

கீழே கம்ப்ரஸர் கிளம்பிவிட்டது.
நன்றி சொன்னார்கள், உதடு மட்டும் அசைந்தது.

நாலாம் நாள் மெயில் வந்தது.
இந்த வருடம் நாங்கள் அனுப்பியது முப்பத்தொரு பேர்.
எடுத்ததும் முப்பத்தொரு பேர்.

போனில் அவர் கேட்டார்,
"நல்லா சலிச்சுத்தான எடுத்துருக்காக?"
"ஆமாங்கய்யா."
"எத்தன பேருல?"
"நெறையப் பேருல," என்றேன்.
மேசைக் கண்ணாடிக்கு அடியில்
கட்டணப் பட்டியல் என்னையே பார்த்தது.

மறுநாள் வந்தார், முதல் தவணையோடு.
கடிதத்தின் தலைப்பில், அன்புள்ள மிஸ் மொக்கச்சாமி.
எழுத்துக்கூட்டி அந்த ஒரு வரியை மட்டும் படித்தார்.

"ரெண்டு காப்பி எடு தாயி," என்றார்.
"ஒண்ணு அவளுக்கு.
இன்னொண்ணு, எம்பேருல்ல போட்டிருக்கு."

கலரில் எடுத்தேன். காசு வாங்கவில்லை.