நீல பிளாஸ்டர்

கிரிம்ஸ்பியில், மீன் அறுக்கும் கூடத்தில்
விரலில் கத்தி பட்டால்
நீல நிறத்தில்தான் பிளாஸ்டர் ஒட்டுவார்கள்.
தின்பதில் எதுவும் நீலமாக இருப்பதில்லையாம்,
மீனோடு மீனாக விழுந்தாலும் கண்ணில் பட்டுவிடுமாம்.
கையுறை நீலம், ஏப்ரன் நீலம்,
தலையில் மாட்டும் வலைத்தொப்பியும் நீலம்.
அதனால்
'இன்றைக்கு நான் நீலமாக இருக்கிறேன்' என்று
பெர்னிஸ் முதன்முதலாகச் சொன்னபோது
'நானும்தான்' என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
தேநீர் இடைவேளையில்தான் விளக்கினாள்.

வருத்தமாக இருக்கிறது என்று
இந்த ஊரில் ஒருவரும் சொல்வதில்லை.
வருத்தத்துக்குக் கோட்டு மாட்டி, பொத்தான் போட்டு
அப்புறம்தான் வாசலுக்கு அனுப்புகிறார்கள்.
பஸ் நிறுத்தத்தில் லிப்ஸ்டிக் கலையாமல் நின்றபடி
'குப்பைமேட்டில் கிடக்கிறேன்' என்று
போனில் சொல்கிறாள் ஒருத்தி.
மேற்பார்வையாளர் நெவிலின் முகத்தை
மழை பிடித்த சனி ஞாயிறு என்கிறார்கள்.
(இங்கே மழை பிடிக்காத சனி ஞாயிறு எது
என்று நான் கேட்கவில்லை.)
சம்பள உயர்வு இல்லை என்ற அன்று
இதயம் பூட்ஸுக்குள் விழுந்துவிட்டது என்றான்
பெட்டி அடுக்கும் பையன்.
குனிந்து என் ரப்பர் பூட்ஸைப் பார்த்தேன்.
உள்ளே ஏற்கெனவே
இரண்டு ஜோடி காலுறை.

பிஸ்கட் அட்டையின் பின்புறம்
இதையெல்லாம் என் மொழியில் எழுதிவைத்தேன்.
வாசித்துப் பார்த்தால்
பைத்தியக்காரர்கள் ஊர்.

மே மாதம், ஒரு செவ்வாய்.
பெர்னிஸின் மகன் லைலை
கால்பந்து க்ளப் வேண்டாமென்று சொல்லிவிட்டது.
ஏழு வயதில் சேர்த்தவர்கள்
பதினாறில் விட்டார்கள்.
மூன்று வரி மின்னஞ்சல்,
அதில் அவன் பெயருக்கு ஓர் எழுத்து குறைவு.

'குடலை உருவிப் போட்டுவிட்டார்கள்' என்றாள்.
கை நிற்கவில்லை.
ஹேடக் மீனின் முள்ளோடு ஒட்டிக் கத்தியை ஓட்டி
சதையைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

இந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.
ஆனால் அப்போதுதான் கவனித்தேன்,
நான்கு வருடமாக நான் இங்கே
ஒரு மீன்குடலையும் பார்த்ததில்லை.
ஐஸ்லாந்திலிருந்து வரும்போதே வயிறு காலி.
நடுக்கடலிலேயே கீறி எடுத்து
தண்ணீரில் வீசிவிடுகிறார்கள்,
பறவைகள் கூட வரும் என்கிறார்கள்.
எங்கள் மேசைக்கு வருவது
பனிக்கட்டியில் படுத்திருக்கும்,
கண் மட்டும் திறந்திருக்கும்,
நடந்ததெல்லாம் வேறெங்கோ நடந்து முடிந்த
மிச்சம்.

குடல் எடுத்தால்தான் மீன் கெடாது, பெர்னிஸ்.
இத்தனை தூரம் வந்து சேர்ந்ததே அதனால்தான்.
சொல்ல நினைத்தேன்.
வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
சொல்லியிருந்தாலும்
பதினாறு வயதுப் பையனுக்கு அதை
எந்த வாயால் கொண்டுபோய்ச் சொல்வாள்?

கிளைபேடாவில் நான் கப்பலேறிய காலை
என் மகளுக்கு ஆறு வயது.
அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்க்காமல் கிரேனைப் பார்த்தாள்.
இந்தக் கோடையிலும் வரவில்லை என்று
நேற்றிரவு எழுதியிருந்தாள்.
கீழே ஒரு பூனைப் படம்.

கத்தி வழுக்கியது.
அவ்வளவு ஆழமில்லை.
பெர்னிஸ்தான் கையுறையை உரித்து,
குழாயடியில் பிடித்து,
பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றினாள்.
அவள் மூக்கு சிவந்திருந்தது,
முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

'பரவாயில்லையா?' என்றாள்.

'குறை சொல்லக் கூடாது' என்றேன்.

அட்டையில் எழுதாத சொல்.
எப்படி வந்ததென்று தெரியவில்லை,
இந்த ஊர்க்காரி சொல்வதுபோலவே
கடைசி எழுத்தை விழுங்கி.

பெர்னிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.
நான்கு வருடத்தில் முதல்முறையாக
என் ஆங்கிலத்தில் திருத்த ஒன்றும் இல்லை.
அதற்காக அவள்
என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.