பாகப்பிரிவினை

பிரிட்ஜ் எனக்கு, பைக் உனக்கு.
கட்டிலை உன் அக்கா கேட்டாள்.
குடும்பநல நீதிமன்றத்துப் படி இறங்கும்போதுதான்
ஞாபகம் வந்தது,
டீக்கடைகளை யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை.

புங்கமரத்தடியில் நின்றே பேசி முடித்தோம்.
வைகைக்கு வடக்கே உனக்கு,
தெற்கே எனக்கு.
கோட்டைப் போட்டது நான்.
ஆற்றில் தண்ணீர் இருந்திருந்தால்
கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

டிகாஷனைத் தனி டம்ளரில் வைத்து
'நீங்களே கலந்துக்கங்க' என்கிற
தல்லாகுளத்துக்காரரை விட்டுக்கொடுத்தேன்.
செல்லூர் இஞ்சி டீயையும்.
பதிலுக்கு டவுன்ஹால் ரோட்டு மாடிக்கடை,
அதன் சன்னலோர மேசை,
கீழே போகிறவர்களின் தலைவகிடுகள் உட்பட
எனக்கு வந்தது.
பருத்திப்பால் வண்டியில்தான் வழக்கு.
சாயங்காலம் தெற்குவாசல்,
பத்து மணிக்கு மேல் கோரிப்பாளையம்.
சக்கரம் வைத்த சொத்தை எப்படிப் பிரிப்பது?
நிற்கிற இடத்தைப் பொறுத்து என்று விட்டுவிட்டோம்.

அண்ணா நகரின் அந்த ஏசி கஃபேயை
இருவருமே கேட்கவில்லை.
நுரையில் இலை வரைந்து தந்தார்கள்,
இருநூற்றுப் பத்து ரூபாய், வரி தனி.
மெத்தை நாற்காலியில் அமிழ்ந்தபடி
அங்கேதான் முதல்முறையாகச்
சத்தமே போடாமல் சண்டை போட்டோம்.
இலை கலையாமலே ஆறிப்போனது.

மிச்சம் யானைக்கல்.
சிக்கந்தர் பாய் கடை.
தெற்குதான், எனக்குத்தான்.
ஆனால் நீ உன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

பாய்லருக்குப் பின்னால் ஒரே ஒரு பெஞ்சு.
உட்கார்ந்தால் முழங்கால் மைதா டின்னில் இடிக்கும்.
சுவர் எந்நேரமும்
காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுடும்.
மார்கழியில் முதுகை அதில் ஒட்டவைத்துவிட்டால்
எழுந்திருக்க மனம் வராது.
நைட் டூட்டி முடிந்த நர்சுகள்
ஸ்வெட்டரோடு அங்கேதான் தூங்கி வழிவார்கள்.
பஸ் ஹாரன்கூட
பஞ்சில் சுற்றித்தான் உள்ளே வரும்.

சரி, ஒற்றைப்படைத் தேதி உனக்கு,
இரட்டைப்படை எனக்கு என்றேன்.
மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.
முப்பத்தொன்றும் உனக்கு,
ஒன்றும் உனக்கு.
எட்டு வருடமாகக் கணக்கு டீச்சர் நான்.

டிசம்பர் முப்பத்தொன்று.
பாலத்தின் மறுமுனை தெரியாத பனி.
முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு
திருடிபோலப் போனேன்.

நீ இருந்தாய்.
பெஞ்சில் இல்லை, வெளியே,
வடைத்தட்டுப் பக்கம் நின்றுகொண்டு
ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு.
உன் நாள்தான், பெஞ்சும் காலிதான்.
'உள்ள உக்காருங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு,
இந்த மாசம் பூரா இப்பிடித்தான்'
என்று என்னிடம் புகார் சொன்னார்
எங்கள் ஒப்பந்தம் எதுவும் தெரியாத பாய்.
'ரெண்டு டீயும் ஒரே கணக்குத்தானே?'

'தனி' என்றோம்,
இருவரும் ஒரே நேரத்தில்.

ஆளுக்கு இருபது நீட்டினோம். டீ பதினைந்து.
கல்லாவைத் துழாவிவிட்டு
ஒற்றைப் பத்து ரூபாய்க் காசை வைத்தார்.
'அஞ்சா இல்ல. நீங்களே பிரிச்சுக்கங்க.'

எந்த பஸ்ஸிலும் வாங்காத காசு.
நீ எடுப்பாய் என்று நான்,
நான் எடுப்பேன் என்று நீ.
வடைத்தட்டுக்கும் பாய்லருக்கும் நடுவில்
அது பாட்டுக்குக் கிடந்தது.

பள்ளிக்கு அரையாண்டு லீவு.
போக எங்கும் அவசரமில்லை எனக்கு.
உள்ளே போய் உட்கார்ந்தேன்.
முழங்காலில் டின் இடித்தது.