பரியம் திருப்பிக் கேட்ட நாள்

தீர்த்துவிடச் சொல்லி நான்தான் கேட்டேன்.
அதனால் கணக்கும் என் தலையில்.

களிமண்குண்டு ஊர்ச்சாவடியில்
ஃபேன் கிறீச்சிடும் சத்தத்துக்கு மேலே
குரலை உயர்த்தி வாசிக்கிறார் நாட்டாமை:

பரியப் பணம் இருபத்தையாயிரத்து ஒன்று.
கூறைச் சேலை ஒன்று, ரவிக்கைத் துணி இரண்டு.
தாய்மாமனுக்கு வேட்டி துண்டு.
அரிசி மூன்று மூட்டை.
‘சம்பந்தக்காரர் வகை’ என்று மட்டும் எழுதி
பேர் எழுதாமல் விட்ட பாட்டில்கள்.
ஊர்க் காணிக்கை, வெற்றிலை, பாக்கு.

அந்த ஒரு ரூபாயை
இரண்டு தரம் வாசித்தார்.
பிசகிவிடக் கூடாதாம்.

அப்பா எழுந்து
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.
பந்தலுக்கும் ரேடியோ செட்டுக்கும் போனது போக
மறுநாள் டீ குடிக்கவே கடன் சொன்னவர்.
அவர் பொய் சொல்லவில்லை.
என்னைக் கொடுத்த கையில்
மீன் செதில் ஒட்டுகிற அளவுக்குக்கூட
பணம் ஒட்டவில்லை.

எதிர்ப்பாயில் களஞ்சியம்,
நகத்தால் கோரையைக் கீறிக்கொண்டு.
அடித்ததில்லை. அதைச் சொல்ல வேண்டும்.
ஒருநாள் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு,
‘இருபத்தையாயிரம்’ என்றான் சிரித்துக்கொண்டே.
அப்புறம் சிரிக்காமலும் சொன்னான்.
விளக்கை அணைக்கும்போது சொன்னான்.
நம்பீஸ்வரி என்று
என் ஆத்தா கோயிலில் நேர்ந்து வைத்த பேர்
ரேஷன் கார்டில் மட்டும் மிச்சம்.

அவன் மேலும் குற்றமில்லை பாதி.
பரியத்துக்கு நண்டுக் கம்பெனியில் முன்பணம் வாங்கினான்.
முன்பணம் தீரும்வரை நண்டு அவர்களுக்கே,
கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்து.
விடிய விடிய வலை இழுத்து
அவன் கொண்டுவந்ததெல்லாம்
என் கழுத்தில் ஏறிய மஞ்சள் கயிற்றின்
வட்டியாகவே கரையிறங்கியது.
நண்டு ஏமாற்றிய மாதங்களில்?
யாரும் கேட்கவில்லை.
நானே சொன்னேன்.

அமாவாசைக்கு ஆறு நாள்,
பௌர்ணமிக்கு ஆறு நாள்.
விரலெல்லாம் துணி சுற்றி,
சேலைக்கு மேல் அவன் பழைய பனியன் மாட்டி,
கண்ணாடிக்குள் தண்ணீர் புகப் புகப்
பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக்
கிள்ளிக் கிள்ளி எடுத்தேன்.
பாசி விற்ற காசு வீட்டுக்கு வரவில்லை.
நேரே கம்பெனி ஏஜெண்டு மேசைக்குப் போனது.

முந்தியிலிருந்து பாலிதீன் பையை அவிழ்த்தேன்.
மூன்று வருஷத்துச் சீட்டுகள்.
உப்புக் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தவற்றைப்
பிரித்துப் பிரித்துப் பாயில் பரப்பினேன்.
முப்பத்தோராயிரத்து நானூறு.
ஒவ்வொன்றிலும் ஏஜெண்டின் நீலக் கையெழுத்து.

‘புருஷன் கடனைப் பொண்டாட்டி அடைக்கிறது
ஊர்ல நடக்காததா? இது வேற கணக்கு’ என்றார் நாட்டாமை.

‘வேற இல்லைங்க.
என்னை வாங்கினது நான்தான்.
சீட்டு என் பேர்ல இருக்கு.’

வெளியே பெண்கள் நின்ற பக்கம்
சீனிராக்கு வாய்விட்டுச் சிரித்தாள்.
பிறகு எல்லோரும் இருமினார்கள்.
அடுத்த பௌர்ணமி கழித்துப் பேசலாம் என்று
நோட்டை மூடிவிட்டார் நாட்டாமை,
அந்த ஒரு ரூபாய்க்கு மட்டும்
எவரும் பதில் சொல்லாமலே.

மறுநாள் நீர் வற்றியிருந்தது.
தீவுப் பக்கம் மார்பளவுத் தண்ணீரில்
மூச்சடக்கி முங்கினேன்.
கீழே எந்தத் தொகையும் கேட்காது.
காதில் ஒரு அடைப்பு, கையில் பாறை,
முள்ளெலி குத்திய பழைய வலி.

தலைக்கு மேலே ஒரு வல்லம் வந்தது.
எந்த இஞ்சின் என்று எனக்குத் தெரியும்.
மூன்று வருஷம் அந்தச் சத்தத்துக்குத்தான்
உலை வைத்தேன்.

என் மிதவை டப்பாவைக் கண்டதும்
வேகத்தைக் குறைத்தான்.
சுற்றிக்கொண்டு, தள்ளி,
மெதுவாகப் போனான்.

ஏறி மூச்சு விட்டேன்.

இதை எந்தச் சீட்டில் எழுதுவது,
வரவிலா, செலவிலா?