ஏழு மணிக்கு ஐந்து நிமிடம்

ஜஸ்டஸ் அண்ணன் வண்டியை
இழுத்துக்கொண்டு வரவில்லை, ஓட்டித்தான் வந்தார்.
கருங்கலில் இருந்து மார்த்தாண்டம் வரை
வழியெல்லாம் இருமல்.
காலையில் எடுத்தால் நடுக்கம்.
ஏற்றம் கண்டால் முரண்டு.
"ஓடுனதே பதினோராயிரம் கிலோமீட்டரு,
எனக்க வண்டிக்கு அதுக்குள்ள என்ன வயசாச்சு?"

மேம்பாலத் தூணின் நிழலில் என் பட்டறை.
மேலே திருவனந்தபுரம் பஸ் போகும்போதெல்லாம்
தட்டில் ஸ்பானர்கள் சிணுங்கும்.
மேனிஃபோல்டைக் கழற்றி
டார்ச் அடித்துக் குனிந்தேன்.

மூன்று சிலிண்டர், ஆறு வால்வு.
ஆறின் முதுகிலும்
அடுப்பில் விழுந்த சக்கைப் பிசின் போல
மேலே பிசுபிசுப்பு, அடியில் கல்.
காற்று நுழையும் வாசல்
பாதியாகச் சுருங்கியிருந்தது.

பழைய வண்டிகளில் பெட்ரோல்
வால்வின் மேல் தெளித்து இறங்கும்,
போகிற போக்கில் முதுகைக் கழுவும்.
இதில் அது நேரே அறைக்குள் பாய்கிறது.
வால்வுக்குக் குளியலே கிடையாது.
டர்போ தள்ளும் காற்றோடு
எஞ்சின் தன் அடிவயிற்றிலிருந்து விடும்
எண்ணெய் ஏப்பம்தான் அதற்குத் தினப்படி.

"டெய்லி எவ்வளவு ஓடும்?"
"ஓட்டுகதே இல்ல."
ஷைனி குவைத்தில் நர்ஸ்.
அவள் சம்பளத்தில் வாங்கியது,
அவள் லீவுக்கு வந்தால் மட்டும் தெருவைப் பார்ப்பது.
"ஆனா ஒரு நாளு விட்டதில்ல கேட்டியா,
மழையானாலும் ஏழு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி
அஞ்சு நிமிஷம்."

அது அவள் கூப்பிடுகிற நேரம்.
போனை பானெட்டின் மேல் வைப்பாராம்.
'உனக்க வண்டி ஒறங்கல, கேளு.'
அந்தப் பக்கம் அவள்
வார்டு வராந்தாவில் நின்று கேட்பாளாம்.

பெட்ரோல் பங்க்கைக் குற்றம் சொல்லியிருக்கலாம்.
நம்பியிருப்பார், ஊரே நம்பும்.
துணியில் கை துடைத்தேன், ஒரு விரலை
இரண்டு தடவை துடைத்தேன்.
"அண்ணே, அந்த அஞ்சு நிமிஷந்தான்."
சூடேறும் முன்னே அணைந்த எஞ்சின்
விட்ட ஆவியையெல்லாம்
அங்கேயே படியவிட்டது என்றேன்.
அவர் எதுவும் பேசவில்லை.
டீ வாங்கி வர அனிஷ் போயிருந்தான்.

கிராங்க்கைத் திருப்பி
ஒவ்வொரு சிலிண்டராக வால்வை மூட வைத்து,
மருந்தில் ஊறவிட்டு,
கோயம்புத்தூர் பார்சலைப் பிரித்தேன்:
பொடித்த அக்ரூட் ஓடு.
"இதுக்கு நம்ம கொல்லாங்கொட்டைத் தோடு போதாதா?"
போதும் அண்ணே, ஆனால்
அதுவே எண்ணெய் கக்கும்.
கரியை உடைக்கும் கடினமும்
இரும்பை விட்டுவிடும் மென்மையும்
ஒன்றாக வேண்டும்.
காற்றுக் குழல் சீறியது,
வேக்குவம் இழுத்தது,
மாலைக்குள் ஆறு முதுகும்
தேய்த்த வெண்கலக் கிண்ணி போல ஆனது.

எண்ணெயை, புத்தகத்தில் போட்ட கணக்குக்கு
முன்னாடியே மாற்றணும்.
ஏப்பத்தைப் பிடிக்க
ஒரு சின்ன டப்பா பொருத்தித் தந்தேன், மாசம் ஒருக்க கொட்டணும்.
பெட்ரோலில் ஊற்றும் மருந்து எதுவும்
அந்த முதுகை எட்டாது, காசு தண்டம்.
"முக்கியமா, சும்மா நிறுத்தி உறும விடாண்டாம்.
ஞாயிறு பூசை முடிஞ்சதும்
நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக்கு விடுங்க.
கொஞ்சம் மிதிச்சே ஓட்டுங்க."
"தனியா நான் எங்க போவேன்?" என்றார்,
என்னிடம் இல்லை, சாவியிடம்.

ஞாயிறு நான்கு மணிக்கு போன்.
முதலில் காற்றுதான் பேசியது,
முப்பந்தல் கணவாயின் காற்று,
காற்றாலை இறக்கைகளைச் சுற்றிவிட்டு
வந்த வேகத்தில்.
பிறகு அவர் குரல்:
"ஏத்தத்துல பறக்குதப்பா!
ஷைனியும் லைன்ல இருக்கா.
காத்து அங்க வரைக்கும் கேக்குதாம்."
வண்டியை அணைச்சிட்டுதானே பேசுகீங்க, என்றேன்.
"அணைச்சாச்சு, அணைச்சாச்சு."
கொஞ்ச நேரம் மூன்று பேரும் காற்றைக் கேட்டோம்.
அப்புறம் அவர்,
"லே, அந்த ஓட்டுப் பொடிக்கு
நானூறா போட்டிருக்க?
கூடுதலாக்கும்."