இடது மூலை

பதினோரு வருஷம் தளவாய் இடது மூலை,
அடுத்த ஆள் நான்.
என் இடது கையை அவன் வலது கை பிடித்திருக்கும்.
வேர்க்கும் முன்னே மண்ணள்ளித் தேய்த்துக்கொள்வோம்.
ஒரு விரலை மட்டும் அழுத்தினால்
கணுக்கால்.
மணிக்கட்டை இறுக்கினால்
பொறு, இன்னும் ஒரு அடி உள்ளே வரட்டும்.
களத்தில் நாங்கள் வாய் திறந்து பேசியதே இல்லை.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும்
பூலுடையாரின் மகன்.
கத்தரிக்காய் ஏலம் கேட்டு வளர்ந்த காது.
அவனையே ஏலம் விட்ட அன்று
லோடு இறக்குவதை நிறுத்திவிட்டு
செல்போனை எட்டிப் பார்த்தார் அப்பா.
பதினாலு லட்சம் என்றதும்
"தரகு போக எவ்வளவுலே நிக்கும்?" என்றார்.

பட்டியலில் என் பெயரும் இருந்தது.
யாரும் கை தூக்கவில்லை.
டிவியில் அவன் கையைப் பிடித்திருந்தான்
ஒரு அரியானாக்காரன்.
எனக்கு என்னவோ செய்தது.
சேனலை மாற்றினேன்,
திரும்ப வைத்தேன்.

மூன்றாவது சீசனில் முட்டி.
வெண்டைக்காய் முனையை ஒடித்துப் பார்ப்பார்களே,
அந்தச் சத்தத்தில் ஜவ்வு அறுந்தது என்றான்.
இரண்டு ஆபரேஷன்.
ஒப்பந்தத் தாளில் கடைசிப் பக்கம்.

பிறகு கோச்.
கீழப்பாவூர் பையன்கள், கழுத்தில் விசில்,
போட்ட நாற்காலியில் உட்காராமல்
கோட்டுக்கு வெளியே
ஒரு காலை நீட்டி ஒரு காலில் குந்தி
கத்துவான்.
கத்தத் தெரியாதவன் கத்துகிறான் என்பது
எனக்கு மட்டும் தெரியும்.

நான் பரீட்சை எழுதிக் கோட்டு நடுவர் ஆனேன்.
பேட்டா முந்நூறு, ராத்திரி பரோட்டா.

சுரண்டையில் இறுதிப்போட்டி, மணி ஒன்றரை.
முப்பத்தொன்று, முப்பத்தொன்று.
கடைசியாகப் பாடி வருகிறான் சாத்தான்குளத்துப் பையன்.
தளவாயின் மூலைப் பையன்
பின்வாங்குகிறான், என் பக்கமாக,
பின்வாங்கிக்கொண்டே.
அப்போது
என் இடது கையில் ஒரு கை.

நான் பார்க்கவில்லை.
தெரிந்த காய்ப்பு, தெரிந்த வேர்வை.
மணிக்கட்டு இறுகியது.
பொறு.
பையனிடம் சொன்னானா, என்னிடமா,
அவனுக்கே தெரியாமல் கை சொன்னதா.

பையனின் குதிகால்
கோட்டுக்கு வெளியே ஒரு விரல்கடை.
என் வலது கையில் விசில்.
தூக்க வேண்டிய கை அவனிடம் இருந்தது.

உருவினேன்.
லேசில் வரவில்லை.
தூக்கினேன்.

கூட்டம் வழக்கம்போல என் அம்மாவை இழுத்தது.
யாரோ சோடா பாட்டிலை எறிந்தார்கள்.
அவன் கத்தவில்லை.
சுண்ணாம்பில் பதிந்த குதிகாலையே
பார்த்துக்கொண்டு இருந்தான்,
விளக்குக்காரன் வயரைச் சுருட்டும்வரை.

நாலே முக்காலுக்கு முதல் பஸ்.
அவன் முன்னால் போய் உட்கார்ந்தான்,
கால் நடுவழியில் நீண்டு கிடந்தது.
நான் கடைசிச் சீட்டில், ஜன்னலோரம்.
கண்டக்டர் வந்ததும் நோட்டை நீட்டினேன்.
"ஒங்களுக்கு எடுத்தாச்சு" என்று
அந்தக் காலைக் காட்டினார்.