பத்தொன்பது டிகிரி

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்ட்.
தூசு நுழையாத அறை, எப்போதும் பத்தொன்பது டிகிரி.
வெள்ளை அங்கிக்குள் எல்லாரும் விறைத்திருக்க
என் கழுத்தில் மட்டும் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

சிப்பில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.
இதையா விடுவேன்?
கேஸ் கடைக் காலண்டரில் குறித்தேன்:
தூக்கம் மூன்று மணியோடு சரி.
இருபதாம் நாளே விலக்கு.
குழம்பில் உப்பு கூடியதற்கு அழுகை.
வியர்வை, வியர்வை.

"நாற்பத்து மூணுலயேவா?" என்றாள் நாத்தனார்.
டாக்டர் அப்படிக் கேட்கவில்லை.
"எப்போதிலிருந்து?" என்றார்.
மேசைமேல் விரித்தேன். நான்கு தாள்.
"சீக்கிரமே வந்துட்டீங்க."
என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நேற்று பதினோராம் மிஷினில்
நோர்லைலா விதியை மறந்து
கழுத்து ஜிப்பை இறக்கினாள்.
முகமூடிக்குள்ளிருந்தே கேட்டேன்:
உன் வீட்டில் காலண்டர் இருக்கிறதா?